சொந்த வாக்கியம்

ஜெபம் பண்ணல அண்ணாச்சி. வாய் அசையுதத பாத்துட்டு அப்பிடி நெனச்சிட்டீங்க போல. இது இங்கிலீஷு. மதுரையில பரீட்சை, மத்தியானம் ஹால்ல இருக்கணும். சிரிங்க, பரவால்ல. நாப்பது வயசுல என்ன பரீட்சைன்னு எங்க தெருவுலயே சிரிக்காவ. நீங்க எதுவரைக்கும்? கோவில்பட்டியா? அப்போ நேரம் இருக்கு. பஸ்ஸுக்குள்ள நான் சத்தமா படிச்சா உங்களுக்குத் தொந்தரவா இருக்கும், பேசிக்கிட்டே போவோம்.

என் பேரு ஆசீர். பாளையங்கோட்டையில ஜெராக்ஸ் கடை. எதுத்தாப்புல ஒரு கோச்சிங் சென்டர் இருக்கு, வெளிநாடு போற நர்ஸுப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷு சொல்லிக் குடுக்குத இடம். அவங்களுக்கு வேண்டிய கேள்வித்தாள் எல்லாம் என் மெஷின்லதான் ஓடும். ஓடும்போது சும்மா நிக்கதுக்கு வாசிச்சுப் பாப்பேன். வாசிக்க வாசிக்க, அட, இதுல ஒண்ணும் பெரிய வித்தை இல்லியேன்னு தோணிச்சு. எல்லாம் வார்த்தைதான். 'ஸ்டார்ட்'னு எழுதக் கூடாது, 'கமென்ஸ்'னு எழுதணும். 'ஆஸ்க்' கிடையாது, 'ரெக்வெஸ்ட்'. நோயாளி அழுதான்னு எழுதினா மார்க்கு போயிரும், 'டிஸ்ட்ரெஸ்ட்'னு எழுதணும். அங்க உள்ள எபனேசர் சார் சொல்லுவாரு, ஒரு வார்த்தைய ஒரே விதமா கேட்டா அது நாக்குலதான் நிக்கும், அஞ்சு விதமா கேட்டாத்தான் எலும்புல ஏறும்னு. அர்த்தம் ஒண்ணு, எதிர்ப்பதம் ஒண்ணு, கோடிட்ட இடம் ஒண்ணு, சாதாரண வாக்கியத்த மரியாதையா மாத்தி எழுதறது ஒண்ணு. கடைசியில சொந்த வாக்கியம்.

என் வீட்டுக்காரியும் நர்ஸு. கிரேஸ்லின். குழந்தைங்க வார்டுல இருந்தா. சின்ன ஆஸ்பத்திரி, வீட்டுலருந்து நடந்தே போயிரலாம். அப்போ எனக்குத் தோணிச்சு, கேள்வித்தாளு என் கடையில, நர்ஸு என் வீட்டுல, இத விட்டா நம்மளப் போல மடையன் உண்டுமா?

ஆசை யாருக்குத்தான் இல்ல சொல்லுங்க. எங்க கோயில்ல, சர்ச்சுதான், ஞாயித்துக்கிழமை ஆராதனையில ஸ்தோத்திரக் காணிக்கை வாசிப்பாவ. வீட்டுல ஏதாவது நல்லது நடந்தா கவர்ல காணிக்கை போட்டு ஒரு சீட்டு எழுதிக் குடுப்போம். உபதேசியார் அத மைக்குல வாசிப்பாரு. இன்னார் மகள் லண்டன் சென்றதற்காக, இன்னார் மருமகள் அயர்லாந்து சென்றதற்காக. வாரா வாரம் இதே வாசிப்புத்தான். எங்க வீட்டுப் பேரு எதுக்கு வாசிச்சிருக்கு? எங்கப்பா கண் ஆபரேஷனுக்கு, எங்க ஜெமி பொறந்ததுக்கு. அதோட சரி. வாசிக்கும்போது எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க அண்ணாச்சி. என்னையும் ஒருக்காவாவது அப்பிடித் திரும்பிப் பாக்கணும்னு இருந்துச்சு. தப்பா?

அவ வேண்டாம்னு சொல்லவே இல்ல. அத நீங்க கவனிக்கணும். நான் கேட்டேன்லா, "என்ன கிரேஸ்லின், ஆரம்பிச்சிருவமா?"ன்னு. பிள்ளைக்குத் தலை சீவிக்கிட்டு இருந்தா. ஜெமிக்கு அப்போ ரெண்டு வயசு, ஒரு இடத்துல நிக்க மாட்டா. சீப்பு அப்பிடியே நின்னுது. "நீங்க சொன்னா சரி அத்தான்"னா. அப்போ சம்மதம்தான?

அன்னையிலருந்து கேள்வி கேக்கது என் பொறுப்பு. விடைத்தாள் என் கையில. இட்லி ஊத்தும்போது கேப்பேன். பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது கேப்பேன். டியூட்டிக்குச் செருப்பு மாட்டும்போது கேப்பேன். ஒரு வார்த்தை, அஞ்சு கேள்வி. எனக்கு இங்கிலீஷு பெருசா தெரியாது, உள்ளதச் சொல்லணும்லா. விடைத்தாள்ல 'பி'ன்னு இருந்தா 'பி', 'சி'ன்னு இருந்தா 'சி'. ஆனா அவ சொல்லிருவா. சும்மா டக்கு டக்குன்னு சொல்லிருவா. நான் நிமிந்து பாக்கதுக்குள்ள விடை வந்துரும்.

சொந்த வாக்கியத்துக்கு மட்டும் விடைத்தாள்ல ஒண்ணும் இருக்காது. 'மாணவரின் பதில்'னு போட்டு விட்டுருப்பாங்க. எபனேசர் சார்ட்ட கேட்டேன், இத எப்பிடித் திருத்தன்னு. "இலக்கணம் சரியா இருக்கா, வார்த்தை சரியான இடத்துல இருக்கா, அத மட்டும் பாருங்க, டிக் போடுங்க. அர்த்தத்துக்குள்ள எல்லாம் போக வேண்டாம்"னு சொன்னாரு. நானும் அப்பிடித்தான் பாத்தேன்.

'ரிலக்டன்ட்'னு ஒரு வார்த்தை. மனசில்லாம செய்யதுன்னு அர்த்தம். சொந்த வாக்கியம் சொல்லுன்னேன். பிள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு சொன்னா, தாய்க்குத் தன் குழந்தைய விட்டுட்டுப் போக மனசில்லன்னு. அழகா இங்கிலீஷ்ல சொன்னா. டிக் போட்டேன். 'என்டியூர்'னு ஒண்ணு, தாங்கிக்கிடுதது. இந்தப் பிரிவ என்னால தாங்க முடியுமான்னு தெரியலன்னு ஒரு வாக்கியம். அதுக்கும் டிக். 'கன்சென்ட்'னு ஒண்ணு வந்துச்சு. அதுல ஒரு சின்னத் தப்பு பண்ணினா. 'யாரும் என் சம்மதத்தக் கேக்கல'ன்னு சொன்னா. வாக்கியம் என்னமோ சரிதான். ஆனா ஆஸ்பத்திரி இங்கிலீஷ்ல 'என்'னு வரக் கூடாதுல்லா? நான்தான் திருத்தினேன். "'மை' போடாத கிரேஸ்லின். 'தி பேஷன்ட்ஸ்'னு போடு. நோயாளியின் சம்மதம். நம்மளப் பத்தி எழுதுதது ஃபார்மல் கிடையாது"ன்னேன். அப்புறம் மாத்திச் சொன்னா. அதுக்கப்புறம் அந்தத் தப்ப அவ பண்ணவே இல்ல. ஒருக்கா சொன்னாப் போதும், பிடிச்சிக்கிடுவா.

முதல் பரீட்சை போயிருச்சு.

எனக்கு விளங்கவே இல்ல. வீட்டுல கேட்டா தூக்கத்துல இருந்து எழுப்பினாலும் சொல்லுவா. ஹால்ல ஒரு கடிதம் எழுதணும், ஒரு நோயாளிய வேற டாக்டருக்கு அனுப்புத கடிதம். அதுல பாதிய எழுதாம வந்திருக்கா. "ஏன்?"னு கேட்டா "நேரம் போதல"ங்கா. "தெரியாதா?"ன்னா "தெரியும்"கா. தெரிஞ்சத எழுதாம வருவாளா ஒருத்தி? யோசிச்சுப் பாத்தேன். புத்தி இருக்கு, மனசு ஒருநிலையில இல்ல. காரணம் பிள்ளை. படிக்க உக்காந்தா வந்து மடியில ஏறிரும், தாள இழுக்கும். இவளும் தாள விட்டுட்டு அதத் தூக்கிருவா.

அதான் ஜெமிய எங்க அக்கா வீட்டுல கொண்டு விட்டேன். அக்காவுக்குப் பிள்ளை கிடையாது, உயிரா பாத்துக்கிடுவா. ரெண்டு தெரு தள்ளித்தான். பாஸ் பண்ணின அன்னைக்கு நீயே போயி கூட்டிட்டு வான்னு சொன்னேன். அழுதா, இல்லன்னு சொல்லல. "ஞாயித்துக்கிழமை மட்டும் பாத்துட்டு வரட்டா அத்தான்?"னா. பாத்தா மனசு கலையும் அண்ணாச்சி. முடியாதுன்னுட்டேன்.

அக்கா ஒரு நாள் கடைக்கு வந்து சொன்னா, "ஏல, அவ டியூட்டி முடிஞ்சி வரும்போது சுத்து வழியில எங்க தெருவுக்கு வாறா. எதுத்த வீட்டு வேப்பமரத்துகிட்ட நின்னு எட்டி எட்டிப் பாக்கா. பாவமா இருக்குல"ன்னு. அந்த நேரத்துக்கு வாசக் கதவச் சாத்தி வைன்னு சொன்னேன். அக்கா முறைச்சா. பொம்பளைகளுக்கு இதெல்லாம் புரியாது. படிப்புன்னா படிப்பு. எல்லாம் அவ நல்லதுக்குத்தான் பண்ணினேன்.

பலிச்சுதுல்லா! அடுத்த பரீட்சையில பிச்சு உதறிட்டா. எல்லாத்துலயும் நல்ல கிரேடு. எபனேசர் சாரே கடைக்கு வந்து கை குடுத்தாரு. என் கடை கம்ப்யூட்டர்லதான் ரிசல்ட் பாத்தோம். நான் சத்தமா வாசிக்கேன், அவ கேக்கவே இல்ல. பாஸுங்கத மட்டும் பாத்துட்டு, செருப்பு கூட போடாம ஓடுதா. அக்கா வீட்டுக்கு. நான் கடையச் சாத்திட்டு போயி பாத்தா, வாசல்ல உக்காந்து ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு இருக்கா. பிள்ளை அக்கா சேலைக்குப் பின்னால போயி ஒளிஞ்சிக்கிட்டு. இத்தன மாசமாச்சில்லா, அதுக்கு மறந்து போச்சு. இவ கூப்பிடுதா, அது வரமாட்டேங்கு. ரொம்ப நேரம் அப்பிடியே உக்காந்திருந்தா. சந்தோஷத்துல கூட மனுசனுக்கு அழுகை வரும்லா.

பாஸ் பண்ணினா பிள்ளை வீட்டுக்கு வரும், சரி. பாஸ் பண்ணினா இவ போயும் ஆகணும்லா. விசா எல்லாம் சீக்கிரமே வந்துட்டு. பிள்ளை பழையபடி இவகிட்ட ஒட்ட ஆரம்பிச்ச நேரம், இவ கிளம்ப வேண்டியதா ஆயிப் போச்சு. ஜெமிய மறுபடி அக்கா வீட்டுல விட்டோம்.

அடுத்த ஞாயித்துக்கிழமை கோயில்ல வாசிச்சாவ. ஆசீர் மனைவி கிரேஸ்லின் லண்டன் சென்றதற்காக. நான் புதுச் சட்டை போட்டுட்டு போயிருந்தேன். நாலஞ்சு பேரு திரும்பிப் பாத்தாவ. அதுக்குள்ள அடுத்த சீட்டு வாசிக்க ஆரம்பிச்சிட்டாரு, யாரோ வீட்டுல கிணத்துல தண்ணி வந்ததுக்கு. அவ்வளவுதான் அண்ணாச்சி. அவ்வளவுதான் நேரம்.

போன் பண்ணுவா. இல்லன்னு சொல்லல. டியூட்டி முடிஞ்சதும் பண்ணுவா. எப்பிடி இருக்கன்னு கேட்டா நல்லா இருக்கேம்பா. சாப்பிட்டியான்னா சாப்பிட்டேம்பா. குளிரான்னா குளிருதான்பா. கேட்டதுக்குப் பதில், அதுக்கு மேல ஒரு வார்த்தை கிடையாது. அங்க உள்ள வழக்கம் அப்பிடிபோல, அதிகம் பேசக் கூடாதுன்னு. அக்கா வீட்டுக்குப் போன் போட்டு பிள்ளைட்டதான் பேச்சு. பிள்ளை அக்காவ அம்மான்னு கூப்பிட ஆரம்பிச்சிருந்துச்சு. அக்கா வெக்கப்பட்டுக்கிட்டு போன எடுத்துட்டு வெளிய போயிருவா, இவ காதுல விழுந்துரக் கூடாதுன்னு. விழாமலா இருந்திருக்கும்?

போன வருசம் பெரிய லீவுக்கு வந்தா. வரும்போதே பிள்ளைக்கு எல்லா பேப்பரும் ரெடி பண்ணிக் கொண்டு வந்துட்டா. அங்கயே கூட்டிட்டுப் போறேன், ஸ்கூல்ல சேக்கப் போறேன்னா. அப்பா கையெழுத்து வேணுமாம். பேப்பர என் முன்னால வச்சிட்டு கேட்டா, "உங்களுக்கு மனசாரச் சம்மதமா அத்தான்?"னு. நான் பேனாவ எடுத்தேன். மறுபடியும் கேட்டா. "நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க"ன்னா. எதுக்கு இத்தன தடவ கேக்கா, விளங்கல. பிள்ளை தாய்கிட்ட இருக்கதுதான முறை. போட்டுக் குடுத்தேன்.

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுல பிள்ளை தரையில விழுந்து அழுது. எங்க அக்காட்டயே போகணும்னு. எங்க அக்கா தூணுகிட்ட முந்தானைய வாயில வச்சிட்டு நிக்கா. எனக்கு அக்காவப் பாக்க முடியல. கிரேஸ்லின் தரையிலயே உக்காந்து பிள்ளை காதுல என்னமோ சொன்னா. என்ன சொன்னான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. பிள்ளை அழுகைய நிப்பாட்டிட்டு எழுந்து அவ கையப் பிடிச்சிக்கிட்டு. ரெண்டு பேருமா உள்ள போயிட்டாவ. நான் கண்ணாடிக்கு வெளிய நின்னு கை காட்டிக்கிட்டே இருந்தேன். செக்கிங் வரிசை வளைஞ்சி போறது வரைக்கும் தெரிஞ்சாவ.

உண்மையச் சொல்லணும்னா எனக்கு அந்த வீட்டுக்குள்ள போகவே மனசு வரல அண்ணாச்சி. கடையிலயே இருக்கேன். ஜெராக்ஸ் மெஷின் சத்தமாவது கேக்கும். அக்காவும் என்கிட்ட சரியா பேசறதில்ல. ஏன்னு தெரியல. நான் அவளுக்கு என்ன கெடுதல் பண்ணினேன்?

நானும் வந்துருதேன்னு கிரேஸ்லின்ட்ட சொன்னேன். "முதல்ல இங்கிலீஷ் பரீட்சை பாஸ் பண்ணுங்க அத்தான். அப்புறம் பாக்கலாம்"னா. ஏஜென்ட்ட விசாரிச்சேன். பரீட்சை எல்லாம் வேண்டாம், வீட்டுக்காரி நெனச்சா கூப்பிட்டுக்கிடலாம்னு சொல்லுதான். அவனுக்கு என்ன தெரியும்! அவ காரணமில்லாம சொல்ல மாட்டா. நான் அங்க போயி நாலு பேரு முன்னால முழிக்கக் கூடாதுன்னு நெனைக்கா. அக்கறை இருக்கப் போயித்தான சொல்லுதா? கேள்விகளும் அவளே அனுப்புதா, வாட்ஸ்அப்ல. ஒரு வார்த்தை, அஞ்சு கேள்வி. நான் பதில் அனுப்புவேன். ஒரு நாள் சொந்த வாக்கியம், 'வீடு காலியா இருக்கு, எனக்குப் பேச ஆளு இல்ல'ன்னு எழுதி அனுப்பினேன். உடனே டிக் வந்துட்டு. ஒரு தப்பும் இல்ல. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ரெண்டு தரம் எழுதிட்டேன். எழுத்துல எல்லாம் தட்டுத்தடுமாறித் தேறிருதேன். பேசுத பரீட்சையிலதான் போகுது. மெட்ராஸ்காரம்மா ஒருத்தி, நல்ல மாதிரிதான், சிரிச்ச முகம். குடும்பத்தப் பத்திக் கேக்கா. என் மனைவி நர்ஸு, நல்ல கிரேடுல பாஸ் பண்ணினா, வெளிநாட்டுல இருக்கா, எல்லாம் கடகடன்னு சொல்லிட்டேன். மனப்பாடம்லா. அந்தம்மா தலையாட்டிட்டு அடுத்து கேக்கா, உங்க மனைவிக்கு எது சந்தோஷம் குடுக்கும்னு. வாட் மேக்ஸ் ஹெர் ஹேப்பின்னு.

கேள்வி விளங்கல்லன்னு நெனைக்காதீங்க. ஒவ்வொரு வார்த்தையும் விளங்கிச்சு. சின்னச் சின்ன வார்த்தைதான. பதில்தான் வரல. சாப்பாடு ஏதாவது சொல்லுவோம்னு பாத்தேன். வீட்டுல எனக்குப் பிடிச்சதத்தான் ஆக்குவா, அவளுக்கு எது பிடிக்கும்னு எங்க தெரியும்? பாட்டுன்னு சொல்லலாம், கோயில்ல பாடுவா, ஆனா கோயில்ல எல்லாருந்தான பாடுதாவ. சேலையா? கல்யாணத்துக்கு எங்கம்மா எடுத்தது, அதுக்குப் பின்ன பண்டிகைக்கு அக்கா எடுத்துட்டு வருவா. பிள்ளைன்னு சொல்லிருக்கலாம் இல்லியா? அது ஏன் எனக்கு அப்போ வரல, தெரியல அண்ணாச்சி. பிள்ளைன்னு நெனச்சதும் அக்கா வீட்டு வாசல்ல கைய நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தாளே, அந்த ஞாபகம் வந்துட்டு. பெல்லு அடிச்சுது, அந்தம்மா தேங்க்யூன்னுட்டா.

அடுத்த தரமும் வேற ஆளு, அதே கேள்வி. கொஞ்சம் மாத்திக் கேட்டான், உங்க மனைவிக்குப் பிடிச்ச ஒண்ணச் சொல்லுங்கன்னு. அதுக்கும் அதே கதி. பயிற்சித் தாள்ல இந்தக் கேள்வி எதுலயும் இல்ல அண்ணாச்சி, தேடிப் பாத்துட்டேன். பாடத்துக்கு வெளிய இருந்து கேட்டா மனுசன் எப்பிடிச் சொல்லுவான்?

நேத்து சாயங்காலம் அவளுக்கே போன் போட்டேன். இதுல என்ன வெக்கம்? "கிரேஸ்லின், நாளைக்குப் பரீட்சை. உனக்கு எது சந்தோஷம்னு நீயே ரெண்டு வரி இங்கிலீஷ்ல சொல்லிரு. எழுதி மனப்பாடம் பண்ணிக்கிடுதேன்"ன்னேன்.

அந்தப் பக்கம் பிள்ளை தூரத்துல இங்கிலீஷ்ல என்னமோ பாடுது, அது கேக்கு. அப்புறம் சொன்னா. ரொம்ப மெதுவாத்தான் சொன்னா, கோவமே இல்ல. "அத நானே சொல்லித் தந்தா காப்பியடிச்ச மாதிரி ஆயிரும் அத்தான். நீங்களே எழுதுங்க"ன்னா. வச்சிட்டா.

பாத்தீங்களா அவ நேர்மைய? பரீட்சைன்னா பரீட்சை. நான் பழக்கினதுலா!

ஆனா எனக்குப் பாஸ் பண்ணணுமே அண்ணாச்சி. எத்தன நாளைக்கு அந்தக் கடைக்குள்ளயே கிடக்கது? எனக்கு அவங்க ரெண்டு பேரையும் பாக்கணும். பிள்ளை இந்நேரம் வளந்திருக்கும்.

என்ன, கோவில்பட்டி வந்துட்டா? பை அந்தா மேல இருக்கு, எடுத்துத் தாறேன், இருங்க. அண்ணாச்சி, ஒரே ஒரு உதவி. தப்பா நெனைக்காதீங்க. உங்க வீட்டுல அவங்களுக்கு எது சந்தோஷம்? சும்மா சொல்லுங்க, என்னமும் இருக்கட்டும். அதையே கிரேஸ்லினுக்குன்னு சொல்லிருதேன். இலக்கணம் மட்டும் சரியா இருந்தாப் போதும், உண்மையான்னு யாரு போயி அவட்ட கேக்கப் போறா?